தோளில் இருந்த கை

திரையில் மிஞ்சியிருந்தது ஒரு கை. நான்கு விரல்கள், மணிக்கட்டில் இரண்டு பச்சைக் கண்ணாடி வளையல்கள். இறந்துபோன ஒருவருடைய இடது தோளை, ஓடும் பேருந்தில் கம்பியைப் பிடிப்பதுபோல் இறுக்கிப் பிடித்திருந்தது. அந்தக் கைக்கு உடம்பில்லை. உடம்பைச் சற்றுமுன்தான் நான் நீக்கியிருந்தேன்.

முத்தையாபுரத்தில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனிதனைப் புரிந்துகொள்ளலாம் என்று இளமையில் கனமான புத்தகங்களாகப் படித்தேன். கடைசியில் அவனை ஓரம் பிசகாமல் வெட்டி எடுக்கும் வேலைதான் வாய்த்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்து ஓராண்டு ஆனால் மாதா கோயிலில் பூசை, வீட்டு வாசலில் ஃபிளெக்ஸ். அதில் அவர் தனியாக, நீல வானத்தில், மேகத்தின்மேல் இருக்க வேண்டும். உப்பளத்தில் வெந்தவரையும் கப்பலில் சரக்கு ஏற்றியவரையும் நான் ஒரே மேகத்துக்குத்தான் அனுப்பியிருக்கிறேன். என் கணினியில் சொர்க்கம் என்பது ஒரே ஒரு கோப்பு. போனவர்கள் யாரும் இதுவரை குறை சொன்னதில்லை.

இந்த மனிதர் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். அவர் சிரித்தபடி இருந்த படமே ஒன்றுதான். மணப்பாட்டுத் திருவிழாக் கூட்டத்தில் எடுத்தது. அதைக் கொண்டுவந்தவர் அவருடைய அண்ணன், ஐஸ் வியாபாரம் செய்யும் அண்ணாச்சி. படத்தில் பக்கத்தில் நின்றது இறந்தவரின் மனைவி. ஆற்றங்கரை நெல் கிராமத்து இந்துப் பெண்; பதிவுத் திருமணம். உயிரோடு இருந்தபோது குடும்பத்தால் செய்ய முடியாததை ஃபிளெக்ஸில் செய்துவிட அண்ணாச்சி நினைத்தார்.

“பின்னால, பக்கத்துல இருக்கது பூராத்தையும் தூக்கிருலே. தம்பி மட்டும் போதும்.”

பொத்தானை அழுத்தினேன். கடல் போயிற்று, பலூன்காரர் போனார், மனைவி போனார். கை மட்டும் போகவில்லை. தோளோடு ஒட்டி இருப்பதை இறந்தவருடைய உடம்பு என்றே மென்பொருள் எடுத்துக்கொண்டது.

“மூணு கையோடயா அவனப் பரலோகத்துக்கு அனுப்புவே? அதையும் எடு” என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி டீ குடிக்கப் போனார். நான் விரல் விரலாக அழிக்கத் தொடங்கினேன்.

யாரோ சொல்லியிருக்க வேண்டும். இறந்தவரின் மனைவி, அந்த அக்கா, நேராக உள்ளே வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

“என் சுண்டுவிரல எங்க தம்பி?”

“எல்லாத்தையும் வெட்டுன மிசினு கைய மட்டும் விட்டுட்டுக்கா. அவரு உடம்புன்னு நெனச்சுக்கிட்டு” என்று உளறினேன்.

“மிசினுக்குத் தெரிஞ்சிருக்கு. இவியளுக்குத்தான் தெரியல.”

அதற்குள் அண்ணாச்சி திரும்பிவிட்டார். “ஏளா, இங்கன ஒனக்கு என்ன வேல?”

“என் கையப் பாக்க வந்தேன், அத்தான்.” ஊரெல்லாம் அவரை அண்ணாச்சி என்றது. அந்த அக்கா மட்டும் கணவனின் அண்ணன் என்ற முறை வைத்து அத்தான் என்றுதான் அழைப்பார். அவருக்கு அது பிடிக்காது என்று தெரிந்தே. “படத்துல கை இருக்கணும். இல்லன்னா பூசையன்னைக்கு நானே வந்து வைப்பேன்.”

“வைப்பா, வைப்பா” என்று அவர் சிரித்தார். “நீ எடுலே.”

செய்ததைத் திருப்பும் பொத்தானை அழுத்திச் சுண்டுவிரலை வரவழைத்தேன். பிறகு, “சிஸ்டம் ஹேங் ஆயிட்டு அண்ணாச்சி” என்றேன். என் வீரத்தின் எல்லை அது. அவர் படத்தை வாங்கிக்கொண்டு வேறு கடைக்குப் போனார்.

பூசையன்று காலையில் அண்ணாச்சி வீட்டு வாசலில் ஃபிளெக்ஸ் நின்றது. மேகம் என்னுடையதைவிடச் சுமார்தான். கையை எடுத்த இடத்தில் தோள் நசுங்கிய டப்பாபோல் பள்ளமாக இருந்தது. அந்த அக்கா தெருவின் நடுவே நடந்து வந்தார். ஃபிளெக்ஸுக்குப் பக்கத்தில் நின்று, அந்தப் பள்ளத்தில் கையை வைத்துக்கொண்டார். சரியாகப் பொருந்தியது.

கோயிலுக்குப் புறப்பட்டவர்கள் நின்றார்கள். மணி அடித்தும் பலர் நகரவில்லை. அண்ணாச்சி வெள்ளை வேட்டியோடு வெளியே வந்து, “கைய எடுளா” என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

“நீங்க எடுத்துப் பாருங்க அத்தான். இதுக்கு மிசினு கெடையாது.”

அவர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவரைப் பார்த்தது. அவர் உள்ளே போய்விட்டார். பூசை முடிந்து கடைசி ஆள் திரும்பி வரும்வரை அந்தக் கை தோளில் இருந்தது.

இன்றைய மென்பொருள் அந்தக் கையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் எடுத்துவிடும். தோளையும் பள்ளமில்லாமல் நிரப்பிவிடும். அப்பாவின் தோளிலிருந்து யாரோ ஒருத்தியை, அண்ணன் பக்கத்திலிருந்து யாரோ ஒருவனை எடுத்துத் தரச் சொல்லி இன்னும் வருகிறார்கள். முடியாது என்கிறேன். அந்த அக்காவின் குரலில் சொல்ல எனக்கு வராது, கொஞ்சம் நடுங்கும். ஆனாலும் முடியாது என்றுதான் சொல்கிறேன்.