வகுப்பில் துலக்கிய சொம்பு

அன்று வகுப்பில் அப்பா இருந்தார், டீச்சர் இருந்தார். கன்டோன்மென்ட் பங்களாவில் பாத்திரம் தேய்க்கப் போன அம்மா இல்லை. புளி தேய்த்த பித்தளை எங்கே மணத்தாலும், இன்று லாரி ஷெட்டாகிவிட்ட அந்த ஸ்ரீராம்புரம் மாண்டிசோரி பள்ளிதான் நினைவுக்கு வருகிறது. உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவித் தடவித் தமிழிலும் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் முணுமுணுப்போம். ஏழு வயதில் மூன்றையும் வாசித்தேன். அப்பா பார்த்ததோ நான் சொம்பு துலக்குவதை.

“ஏம்மா, இவங்கம்மா தேய்க்கிறது பத்தாதா? இவனுமா?”

“அதுவும் பாடம்தாங்க. ஒரு வரி வாசிக்கச் சொல்லிக் கேளுங்க!”

எழுத்தே அறியாத அப்பா கேட்கவில்லை; தரதரவென்று இழுத்துப் போனார். மாண்டிசோரியில் பரீட்சையும் இல்லை, மார்க்கும் இல்லை என்று அடுத்த பள்ளி, மூன்றாம் வகுப்புக்குப் போகவேண்டிய என்னை ஒன்றாம் வகுப்பில் உட்காரவைத்தது. நினைத்தால் இப்போதும் மனசு எரிகிறது. அப்பாவின் அந்தக் கோபத்துக்கு நான் கொடுத்த விலை முழுசாக இரண்டு வருஷம்.