துணி திரும்பி வரவேணும்

துணி வடிவமைக்கிறது எண்டா, மாதக்கணக்கா மண்டையை உடைச்சுச் செய்ததைச் சனம் தடவி, கசக்கி, "சும்மா பாக்க வந்தனாங்கள்" எண்டு வைச்சிட்டுப் போறதைச் சிரிச்சுக்கொண்டு பாக்கிற தொழில். கடையில நிண்டு கால் கடுத்த ஆக்களுக்கு மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை.

டென்மார்க்கில, ஓல்போர்க் நகரத்தில, கிர்ஸ்டன் எண்ட டெனிஸ்காரியின்ர சின்னக் கடையில நான் வேலை. ஜப்பானியக் கைவேலைகளைப் பாத்துத் துணி செய்யிறம்: கருநீலத்தில வெள்ளை நூலால நெல்லுமணி மாதிரித் தையல், சாமான் பொதியிற சதுரத் துணி. எங்கட ஆக்கள் ஒருத்தரும் வாங்கினதில்லை. கலியாணத்துக்குச் சென்னைக்குப் பறந்து சேலை எடுக்கிற சனம், எங்கட கடைக் கண்ணாடிக்கு முன்னால மட்டும் நடையைக் கூட்டும். அம்மாகூட நான் "ஒஃபிசில" வேலை எண்டுதான் ஆக்களுக்குச் சொல்லுவா. ஒரேயொரு தமிழர் என்ர துணியை ஆசைப்பட்டு வாங்கவேணும், அதுக்குப் பிறகு கடை பூட்டினாலும் பூட்டட்டும் எண்டு கிடந்தன்.

ஊசிக்கு நன்றி

ஜப்பானில தையல்காரர் வருசத்தில ஒருநாள், உடைஞ்ச ஊசியளை டோஃபு எண்ட மெத்தெண்ட சோயாக் கட்டியில குத்தி, "இவ்வளவு காலம் பாடுபட்டியள், இனி ஆறுங்கோ" எண்டு கும்பிடுவினம். நாங்களும் பெப்ரவரியில செய்யிறனாங்கள். அண்டைக்குக் கிர்ஸ்டன் மெழுகுதிரி கொளுத்தி, கண்கலங்கி நிக்கிறா. நான் கையைக் கூப்பிக்கொண்டு பக்கத்தில.

வெளியில ஆலங்கட்டி மழை. அதுக்கு ஒதுங்க உள்ளுக்கு வந்தவ புஷ்பமக்கா, முதியோர் இல்லத்தில வேலை செய்யிறவ. வெள்ளைக் கட்டியைப் பாத்தா, குத்தி நிக்கிற ஊசியைப் பாத்தா, என்னைப் பாத்தா.

"ஐயோ பிள்ளை, ரெண்டுபேருமாச் சேந்து ஆருக்குச் சூனியம் வைக்கிறியள்?"

பெட்டியே வாறேல்லை

சூனியம் இல்லையெண்டு விளங்கின பிறகு அக்கா அடிக்கடி வந்தா. வந்தா நேரே ஒரு கருநீலத் துணியிலதான் கை போகும். "நல்ல வடிவு. ஆனா இந்த நிறத்தை நல்லநாள் பெருநாளுக்கு எடுக்கேலாதே" எண்டு மடிச்சு வைப்பா.

ஒருநாள் அவவுக்கு முறையைச் சொல்லிக் குடுத்தன். பரிசை இந்தத் துணியில பொதிஞ்சு கொண்டுபோறது, பரிசைக் குடுக்கிறது, துணியைத் திருப்பி வாங்கிறது. துணி எப்பவும் வந்த இடத்துக்குத் திரும்பவேணும். அக்கா கடை அதிரச் சிரிச்சா.

"எங்கட சனத்திட்டக் கறி குடுத்துவிட்ட பெட்டியே திரும்பி வாறேல்லை, நீர் துணிக்குப் போறீர்!"

கவலை நிறம்

கோடை வந்தும் வியாபாரம் எழும்பேல்லை. புஷ்பமக்காவையும் காணேல்லை. வேலை கூடவாக்கும் எண்டு இருந்திட்டன். இலையுதிர் காலத்தோட கடையைப் பூட்டிறதெண்டு கிர்ஸ்டன் முடிவெடுத்திட்டா. வேற நிறத்தில செய்து பாப்பமோ எண்டு கேட்டதுக்கு அவ சொன்னா:

"எங்கட நிறம் சரியான கவலையா இருக்கெண்டு சனம் சொல்லுது. நிறத்துக்கு ஒண்டும் இல்லை, கவலையா இருக்கிறது நாங்கள்தான் எண்டு நான் அவையளுக்குச் சொல்லேல்லை."

லேசான முடிச்சு

மலிவு விற்பனை நடக்கேக்க ஒரு மனுசன் நனைஞ்சபடி வந்து நிண்டார். "நான் புஷ்பத்தின்ர மனுசன்" எண்டார். அக்கா மோசம் போயிட்டாவாம். பெரிய நோய் எண்டு தெரிஞ்ச பிறகு கன நாள் இருக்கேல்லையாம். சாம்பலைக் கடலில கரைக்க அனுமதி கிடைச்சிட்டுதாம். அந்தச் சாம்பல் பாத்திரத்தைக் கடைப் பையில கொண்டுபோக அவருக்கு மனம் வரேல்லை. "அவ எந்தநேரமும் கதைக்கிற அந்த நீலத் துணி இருக்கோ?" எண்டு கேட்டார்.

இருந்தது. என்ர முதல் தமிழ் வாடிக்கையாளர்! ஆசைப்பட்டவ அவ, வாங்க வந்தவர் இவர். இதையா நான் கேட்டன்? ஜப்பானிலையும் அஸ்தியைத் துணியால பொதியிறவை எண்டு சொன்னன். பூச்சாடி ஒண்டை வைச்சு முடிச்சுப் போடக் காட்டிக் குடுத்தன். இறுக்கி முடிஞ்சதைக் கண்டிட்டு மனுசன் மெல்லச் சொன்னார்.

"லேசா அவிழிற மாதிரிக் காட்டித் தாங்கோ பிள்ளை, அங்க கடலில அவிழ்க்க எனக்குக் கை வராது."

கடைசி நாள்

கடை பூட்டிற அண்டு திரும்ப வந்தார். கையில அதே துணி. தோய்ச்சு, அயன் பண்ணி, மூலைக்கு மூலை பிடிச்சு மடிச்சிருந்தது. செத்தவீட்டுத் துணியை வீட்டில வைச்சிருக்கக்கூடாதெண்டு ஆக்கள் சொல்லியிருப்பினம் எண்டு நினைச்சன். கேட்டும் விட்டன். அவர் தலையை ஆட்டினார்.

"அதுக்கில்லைப் பிள்ளை. துணி திரும்பி வரவேணுமெண்டு நீங்கள்தானே அவவுக்குச் சொன்னனீங்கள். அவ ஒருநாளும் ஒருத்தற்ற பெட்டியையும் வைச்சிருந்ததில்லை."

விக்காமக் கிடந்த துணியெல்லாத்தையும் கிர்ஸ்டன் அள்ளிக்கொண்டு போனா, வித்தும் திரும்பி வந்த ஒண்டை மட்டும், செத்தவீட்டுத் துணியெண்டு அம்மா என்ன கத்துக் கத்தினாலும் பரவாயில்லையெண்டு, நான் வீட்டை கொண்டுவந்தன்.