முதல் மயில்

தேவசேனா, ஆந்திர எல்லையில் உள்ள நகரி ஊரில் விசைத்தறிச் சேலைகளுக்கு டிசைன் போடுபவள். கம்ப்யூட்டர் திரையில் கட்டம் கட்டமாக நிரப்புவாள். கறுப்புக் கட்டத்துக்குத் தறியில் நூல் எழும்பும், வெள்ளைக்கு எழும்பாது. அந்தக் கோப்பு பிஎம்பி. அந்த மூன்று எழுத்தின் விரிவு அவளுக்குத் தெரியாது. வைத்த புள்ளி வைத்த இடத்தில் இருக்கும், அது போதும்.

மயில் பார்டரைத் திருத்தித் திருத்தி ஒரே பெயரில் சேமித்தாள். புதியது நன்றாக இருக்கும்போது பழையது எதற்கு?

தறிக்காரர் ஏகாம்பரம் வந்தார்.

"புத்தூர் கல்யாண வீட்டம்மா மொதடிதே காவாலின்னு ஒக்காந்துக்கினு கீறாங்கம்மா. நீ மொதல்ல போன்ல அனுப்ன மயிலுதான் வேணுமாம்."

"இப்ப கீறது அதவிட நல்லா கீதுண்ணா."

"அத அவுங்ககிட்ட நீயே சொல்லு. அந்த மயிலு வரலன்னா வேற டிசைன்காரன்கிட்ட போயிடுவாங்க."

முதல் மயில் வாட்ஸ்அப்பில் மட்டும் இருந்தது, சுருக்கிய ஜேபிஜி படமாக. திறந்து பெரிதாக்கினாள். கறுப்பும் வெள்ளையும் சேரும் இடமெல்லாம் சாம்பல் படிந்திருந்தது. பிஎம்பியாக மாற்றிச் சேமித்தாள். சாம்பலும் கூடவே வந்தது. தறிக்குச் சாம்பல் தெரியாது.

திருப்பதியில் மென்பொருள் வேலையில் இருக்கும் தம்பி கோகுலகிருஷ்ணனைக் கூப்பிட்டாள்.

"கிட்னு ஒண்ணு கம்ப்யூட்டர்ல போட்டுத் தரேன்னு பொங்கலுக்கே சொன்னேனேக்கா. ஒவ்வொரு தபா மாத்தறதும் தனித்தனியா அதுல தங்கும்."

"இப்ப போட்டா பழசு வருமா?"

"போட்டதுக்கு அப்புறம் நடக்கறதுதான் வரும்."

"அப்ப வெய்யி போன."

ஒவ்வொரு சாம்பல் கட்டமும் கறுப்பா வெள்ளையா என்று அவளே தீர்மானித்தாள். தோகை எளிதாக வந்தது. கழுத்தில் கோடே தெரியாத சாம்பல், அது வரவில்லை. முதலில் எப்படி வளைத்தாளோ, அதன்மேல் பின்னால் வந்த கழுத்துகள் ஏறி உட்கார்ந்திருந்தன. மனசும் ஒரே பெயரில்தான் சேமித்திருக்கிறது. கடைசியில் ஒரு வளைவை வைத்தாள்.

நெய்த மாதிரியைக் கல்யாண வீட்டம்மா தடவிப் பார்த்தாள். "இதே" என்றாள்.

"பாத்தியா, கெடச்சிடுச்சி" என்றார் ஏகாம்பரம், அந்தம்மா போனதும்.

"அது இல்லண்ணா இது. கழுத்து நானா போட்டது."

"கம்முனு இரும்மா. அவுங்களே ஒத்துக்கினாங்க. மயிலா வந்து கேக்கப்போவுது?"

வீட்டில் கோப்புக்கு 'முதல் மயில்' என்று பெயர் அடித்தாள். சற்று நேரம் பார்த்துவிட்டு அந்தப் பெயரை அழித்தாள். தம்பியைக் கூப்பிட்டாள்.

"அந்த கிட்ல வெக்கும்போது, பக்கத்துல ரெண்டு வார்த்த எழுத எடம் இருக்குமா?"

"இருக்கும்க்கா. எழுதாம வுடாது. இன்னா எழுதணும்?"

"கழுத்து நெனவு வரல, நானா போட்டேன்னு."