கஜேந்திரனின் பதினைந்து ஜோடிகள்

போன செவ்வாய்க்கிழமை சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கஜேந்திரனின் மகள் போன் செய்தாள். "அப்பா போயிட்டார் மாமா" என்றாள். அவரோடு வேலை பார்த்த உங்களில் பலர் இதைப் படிப்பீர்கள். அவர் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை இப்போது சொல்கிறேன். அன்றைக்கு எனக்குத் துணிச்சல் இல்லை.

1991இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் இருவரும் தற்காலிக ஊழியர்கள். பெட்டிக்கு ஐந்து போல்ட் எடுத்து அளந்து பார்ப்பது எங்கள் வேலை. நான் மேலாக இருப்பதை அள்ளுவேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு முழங்கை வரை கையை விடுவார். "கண்ணத் தொறந்துகினு எடுத்தா கணக்கு செத்துப்பூடும் ஏழுமல" என்பார்.

அந்த வருஷம் எங்கள் ஆறு பேரில் இரண்டு பேரை நிரந்தரமாக்குவதாகச் சொன்னார்கள். சீட்டுக் குலுக்கல்தான். இரண்டு சீட்டில் மட்டும் 'நிரந்தரம்' என்று எழுதி, ஆறையும் மடித்து டப்பாவில் போட்டவன் நான். யார் முதலில் எடுப்பது என்று சண்டை வந்தது. முந்துகிறவனுக்கே வாய்ப்பு அதிகம் என்று எல்லோரும் நம்பினோம். கஜேந்திரன் ஒரு அட்டைப்பெட்டி மூடியைக் கிழித்து, எந்த இரண்டு பேருக்கு வேலை விழலாம் என்று ஆறு பெயரையும் இரண்டிரண்டாகச் சேர்த்து எழுதினார். பதினைந்து ஜோடி வந்தது. ஒவ்வொரு பெயரும் ஐந்து ஜோடியில் இருந்தது.

"பாத்துக்கோங்க, எல்லாருக்கும் மூணுல ஒண்ணு. மொதல்ல எடுத்தா இன்னா, கடைசியா எடுத்தா இன்னா? ஏழுமல பொண்டாட்டி மாசமா கீறா, பயந்துகினு நிக்கிறான். அவனே மொதல்ல எடுக்கட்டும். நான் கடைசியா எடுக்கறேன்."

நான் பேனாவை அழுத்தி எழுதுகிறவன். மடித்த தாளிலும் எழுத்தின் தடிப்பு விரலுக்குத் தெரிந்தது. மூன்று வெற்றுச் சீட்டைத் தடவி விட்டுவிட்டு, தடிப்பு தட்டிய நான்காவதை எடுத்தேன். கடைசியில் அவருக்கு மிஞ்சியது வெற்றுத் தாள்.

அதன்பிறகு ஒரகடம் வரை கம்பெனி கம்பெனியாகக் கான்ட்ராக்டிலேயே அவர் காலம் போனது. ஒருமுறை பிள்ளைப்பாக்கத்தில் அவர் வீட்டில் பேச்சைத் தொடங்கினேன். "இன்னும் அதையே நெனச்சிகினு கீறியா? நீ ஒண்ணும் என் வேலைய எடுத்துக்கல. கணக்கு எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று தோளில் தட்டினார். பாவி, வாயை மூடிக்கொண்டேன்.

அந்த அட்டை மூடி என்னிடம்தான் இருக்கிறது. என் பெயர் உள்ள ஐந்து ஜோடிகளில் அவர் பெயர் ஒன்றில்தான் வருகிறது. மூன்றில் ஒன்றாக இருந்த அவருடைய வாய்ப்பை நான் ஐந்தில் ஒன்றாக்கினேன். உங்கள் கணக்கில் பிழையில்லை, கஜேந்திரன். நான் கண்ணைத் திறந்துகொண்டு எடுத்தேன்.