காக்காய் விரட்டிய சிடி

ஒரு பாட்டுக்கு ‘டிராக் ஒன்று’ என்று மட்டும் பெயர் இருந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. யார் பாடியது, என்ன ராகம், எந்தக் கேசட் என்று எல்லாம் அதனதன் கட்டத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் தம்பானூர் ஆபீசிலிருந்து கரமனை வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவேன். வீட்டில் காய்கறி அழுகினால் இந்த மனுஷருக்குத் தெரியாது, பாட்டின் பெயரில் ஓர் எழுத்துப் பிசகினால் தெரிந்துவிடும் என்பது என் மனைவியின் புகார். நியாயமான புகார்தான்.

இந்தப் பைத்தியத்துக்குக் கொஞ்சம் கௌரவமும் கிடைத்திருந்தது. மலையாளத்தில் வந்துகொண்டிருந்த ஒரு சின்னக் கம்ப்யூட்டர் மாத இதழுக்குப் புது மென்பொருள்களைப் பற்றி விமர்சனம் எழுதிவந்தேன். எதையும் என் சொந்தச் சேகரிப்பில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் எழுதுவேன். மாதிரிக் கோப்புகளை வைத்துக்கொண்டு விளையாடுகிறவன் விமர்சகனே அல்ல என்று ஓர் இதழில் வீறாப்பாக எழுதியும் இருந்தேன்.

அந்தச் சேகரிப்பில்தான் அக்காவின் பாட்டு இருந்தது. அக்கா இதே தெருவில் எதிர்வரிசையில் இருந்தாள். எங்கள் வீடுகளில் கல்யாணத்தன்று பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஊஞ்சலில் வைத்து ஆட்டும்போது பெண்கள் லாலி பாடுவார்கள். அக்கா பாடினால் சமையல்காரர்கூடக் கரண்டியைப் போட்டுவிட்டு வந்து நிற்பார். ஏதோ ஒரு கல்யாணத்தில் அதைக் கேசட்டில் பதிவு செய்திருந்தோம். பிறகு அவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. பிழைத்தாள், குரல் கரகரத்துவிட்டது. அதோடு பாடுவதை நிறுத்திவிட்டாள். கேசட்டில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்ததும் நான்தான் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். இனி அழிவே இல்லை என்று சொல்லிக் கேசட்டைக் குப்பையில் போட்டேன்.

அக்காவின் பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. ஊஞ்சலில் முதல் பாட்டைப் பெண்ணின் அம்மா எடுத்துக் கொடுப்பது தெரு வழக்கம். ஒருநாள் சாயங்காலம் அக்கா வந்தாள்.

“என்னால பாட முடியாது. அந்தப் பழைய பாட்டையே போட்டுடலாம். உன் பெட்டில பத்திரமா இருக்கோல்லியோடா?”

பத்திரமாக இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அப்போது இருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் இதழிலிருந்து ஒரு மென்பொருள் வந்தது. பாட்டுகளைத் தானே அடையாளம் கண்டு, பெயர் வைத்து, ஒரே பாட்டு இரண்டு இருந்தால் தரம் குறைந்ததை நீக்கிவிடுமாம். எனக்காகவே செய்ததுபோல் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்காதே என்று சொல்லி ஓடவிட்டுக் காபி குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது சேகரிப்பு பளபளவென்று இருந்தது. அக்கா பாடிய லாலியை மட்டும் காணவில்லை. அதே லாலியை ஒரு சங்கீத வித்வாம்சினி ஸ்டுடியோவில் பாடிய பதிவும் என்னிடம் இருந்தது. இரைச்சல் இல்லாத அதை வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டு இரைச்சலோடு கிடந்த அக்காவைக் கழித்துக்கட்டிவிட்டது அந்தச் சனியன்.

அழிந்ததை மீட்டுத் தரும் நிரல்கள் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தேன். ஒன்று கோப்பின் பெயரைச் சரியாக மீட்டுக் கொடுத்தது. திறந்தால் வெறும் கொரகொரப்பு. அக்காவிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? இரண்டு நாள் ஜன்னல் பக்கம்கூடப் போகவில்லை.

கடைசியில் மனைவியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

“கேசட்டைக் குப்பையில போட்ட அன்னிக்கே ஒரு சிடில பண்ணினேளே, அது என்னாச்சு?”

பண்ணினேன்தான். முடியும் நேரத்தில் ‘பிழை’ என்று வந்ததால் தூக்கி எறிந்துவிட்டேன். குறையுள்ள சிடியை வைத்துக்கொள்வது என் வழக்கமில்லை.

“நீங்க எறியற சிடி ஒண்ணும் குப்பைக்குப் போறதில்லையாக்கும்” என்று சொல்லிவிட்டு அவள் மாடிப்படி ஏறினாள்.

மொட்டை மாடியில் வடாம் காய்ந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே குறுக்குக் கயிற்றில் நான் எறிந்த சிடிகளெல்லாம் காற்றில் சுழன்று பளிச்சென்று மின்னிக்கொண்டிருந்தன. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்த காக்காய்கள் கிட்டே வர மாட்டாமல் கத்திக்கொண்டிருந்தன. இத்தனை நாள் அண்ணாந்தே பார்க்காமல் வடாம் மட்டும் தின்றிருக்கிறேன்.

எல்லாவற்றையும் அவிழ்த்து வந்து சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து ஒவ்வொன்றாகப் போட்டோம். வெயிலில் வெளுத்துப்போன ஒன்றில் அந்த லாலி இருந்தது. ஆனால் நடுவில் எங்கோ கெட்டிருந்ததால் கம்ப்யூட்டரில் காப்பி ஆகவில்லை. கெட்ட இடத்தைத் தாண்டிக் காப்பி செய்யும் ஒரு குட்டி நிரல் ஞாபகம் வந்தது. ‘யாருக்கும் தேவைப்படாது’ என்று நானே இதழில் எழுதி, குறைந்த மதிப்பெண் போட்டது. அது முனகி முனகிப் பாட்டைக் கொண்டுவந்து சேர்த்தது. அக்காவின் குரல் வந்ததும் ஒலியைக் கூட்டி வைத்தேன். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு வடாமைப் பார்க்க மாடிக்கு ஓடினாள்.

நடுவில் ஒரே ஒரு வரி மட்டும் போயிருந்தது. அந்த இடத்தில் மௌனம். என்ன செய்தும் நிரப்ப முடியவில்லை. ஊஞ்சலைச் சுற்றி நிற்கும் பெண்கள் எப்படியும் கூடவே பாடுவார்கள், யாருக்கும் தெரியாது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கல்யாணத்தன்று பாட்டைப் போட்டேன். பாடுவார்கள் என்று நம்பியிருந்த பெண்கள் அக்காவின் பழைய குரலைக் கேட்டதும் வாயடைத்து நின்றுவிட்டார்கள். மண்டபமே அமைதியாகிவிட்டது. அந்த வரி நெருங்க நெருங்க எனக்கு வேர்த்து ஊற்றியது. மௌனம் வந்தது.

ஊஞ்சலுக்கு முன்னால் பால் கிண்ணத்தோடு நின்ற அக்கா பாடினாள். கரகரத்த குரல்தான், உடைந்த குரல்தான், ஆனால் சுருதி விலகவில்லை. ஊஞ்சலில் இருந்த பெண் சட்டென்று திரும்பி அம்மாவைப் பார்த்தாள். வரி முடிந்ததும் பழைய குரல் மேலே எடுத்துக்கொண்டு போனது.

பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்த ஒரு வரியை எனக்குன்னே விட்டு வெச்சயாடா?”

பக்கத்தில் நின்ற என் மனைவி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். ஆமாம் அக்கா என்றேன்.