அக்காவின் முறை

அக்காவும் மச்சானும் லாரி மோதி இறந்ததும், கல்யாணமாகாத நான் மணப்பாட்டில் அவர்களுடைய இரண்டு பெண்பிள்ளைகளோடு தங்கிவிட்டேன். தங்கிய முதல் நாள் அந்தியில் ஜெபமாலைக்கு முழந்தாளிட்டோம். அந்த வீட்டில் மாலையின் பத்துப் பத்து மணிகளுக்கு ஒருமுறை ஜெபத்தைத் தொடங்கும் ஆள் மாறும். ஒருவர் ஜெபத்தின் முன்பாதியைச் சொன்னால், மற்றவர்கள் பின்பாதியைச் சொல்வார்கள். மூன்றாவது பத்தை நான் தொடங்கியதும் சின்னவள் என் வாயைப் பொத்தினாள்.

"இது அம்மா முறை சித்தி. அம்மா சொல்லுதா, கேக்கலயா?"

அறையில் ஒரு சத்தமும் இல்லை. திடீரென இருவரும் ஒரே நொடியில் பின்பாதியைச் சொன்னார்கள். காத்திருந்தார்கள். மறுபடியும் ஒரே நொடியில் சொன்னார்கள். பயத்தில் எழுந்து ஓடிவிடத்தான் நினைத்தேன். ஆனால் அடுத்த முறை என் வாயும், அதே நொடியில், அவர்களோடு சேர்ந்து பதில் சொன்னது.

இன்றும் அந்தப் பத்துக்கு நாங்கள் பதில் மட்டும்தான் சொல்கிறோம். "தனியா வளக்கியே, ஏளா" என்று ஊரில் யாராவது பரிதாபப்பட்டால், ஜெபமாலைக்கு நேரமாகிவிட்டது என்று வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன்.