எல்லாருக்கும் ஒரே பதில் சொன்ன சிமுலேட்டர்

அந்தப் புதன்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குள் இருபத்தேழு பேருக்கு நான் டெலிபோனில் "இல்லை" என்று சொல்லி முடித்திருந்தேன். அதில் ஒருத்தி என் சொந்த அண்ணி. அந்த இருபத்தேழு "இல்லை"யும் உண்மையில் ஒரே ஒரு ஆளுக்கு வந்த "இல்லை" என்பது மூன்றேகால் மணிக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சொஃப்ட்வெயார் சோதிக்கிற வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் "அக்கா, சிமுலேட்டர்ல சரியாத்தானே வருது, அப்புறம் என்ன?" என்று கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கத்த இனி எனக்குத் தொண்டை இல்லை. அதனால் எழுதிவைக்கிறேன்.

1. போன் இல்லாத ஊருக்குப் போன் பக்கம்

இரண்டாயிரத்து மூன்று அல்லது நான்காக இருக்கும். பதுளை பஜாரில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஒபிஸ். மூன்று கணினி, இரண்டு டெலிபோன் லைன், ஒரு முதலாளி, நான். முதலாளி சிவநேசன் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். பதுளையில் கணக்கு வாத்தியாராக இருந்து, பென்ஷன் எடுத்து, கணினி வகுப்பு தொடங்கியவர். நான் தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். அவர் வகுப்பில் படித்து, அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவள்.

கொழும்புக் கம்பனி ஒன்றிடமிருந்து சேர் ஒரு வேலை பிடித்துக்கொண்டு வந்தார். தோட்டப் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியர் எடுக்கிற போட்டிப் பரீட்சையின் முடிவைக் கைத்தொலைபேசியில் பார்ப்பதற்கு ஒரு பக்கம் செய்ய வேண்டும். அந்தக் காலத்துச் சின்னத் திரைப் போனில் இன்டர்நெட் பார்க்கும் முறைக்கு வாப் என்று பெயர். திரையில் நான்கு வரி கொள்ளும். வாப் உள்ள போன் அப்போது பதுளையில் யாரிடம் இருந்தது? எனக்குத் தெரிந்து ஒருவரிடமும் இல்லை. தோட்டங்களிலோ மலையுச்சியில் ஏறி நின்றாலும் சிக்னல் வராது.

"சேர், இத யாரு பாப்பாங்க?" என்று கேட்டேன்.

"சனத்திட்டப் போன் இல்லாட்டி என்ன பிள்ளை? சனம் எங்களுக்கு அடிக்கட்டும். நாங்கள் சிமுலேட்டரில பாத்துச் சொல்லுவம்."

சிமுலேட்டர் என்பது கணினியில் போனைப் போல நடிக்கிற ஒரு புரோகிராம். திரையில் ஒரு போனின் படம் வரும். அதன் பொத்தான்களை மவுஸால் ஒவ்வொன்றாக அமுக்கினால், உண்மைப் போன் செய்வதை அதுவும் செய்யும். பக்கம் சரியா என்று சோதித்துப் பார்க்கத்தான் அதைக் கொடுத்திருந்தார்கள். சேர் அதையே பொதுச்சேவையாக மாற்றிவிட்டார். "முடிவுகளை அறிய அழையுங்கள்" என்று எங்கள் டெலிபோன் நம்பரைப் போட்டு நோட்டீஸ் அடித்து, பஸ் நிலையத்திலும் தோட்டத்துக் கடைகளிலும் ஒட்டவும் செய்தார். வழியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டோம்.

பரீட்சை எழுதிய ஒவ்வொருவரின் ஆறு இலக்கச் சுட்டெண்ணையும் மவுஸால் அமுக்கினால் கை விட்டுப்போகும். நல்லவேளையாக அந்த சிமுலேட்டருக்குக் கறுப்புத் திரையிலிருந்தும் கட்டளை கொடுக்கலாம். இந்த முகவரியைத் திற, இந்த இலக்கங்களை அமுக்கு, திரையைப் படமாகச் சேமி என்று வரிவரியாக அடிக்க வேண்டும். அந்தக் கட்டளைகளை ஒரு ஃபைலில் எழுதி, அதற்கு "பார்" என்று பெயர் வைத்தேன். "பார்" என்று அடித்து, பக்கத்தில் சுட்டெண்ணை அடித்து, என்டர் தட்டினால் போதும். எனக்கு அதில் பெருமை தாங்கவில்லை.

2. ஒரு வரியும் ஒன்றரை நிமிஷமும்

நான் முதலில் செய்த பக்கத்தில் மேலே சுட்டெண் வரும், கீழே முடிவு வரும். அதற்கும் கீழே, தெரிவானவர்கள் வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் சான்றிதழ்களுடன் பதுளைக் கல்விக் கந்தோருக்கு நேரில் வரவேண்டும் என்ற அறிவித்தல். மொத்தம் ஐந்து வரி. ஐந்தாவது வரியைப் பார்க்கக் கீழே தள்ள வேண்டும்.

"தள்ளுற வேலை சரிவராது. ஒரு வரியைக் குறையும்" என்றார் சேர்.

"எதைக் குறைக்கிறது சேர்?"

"நம்பரை எடுத்துவிடும். அவையவைக்கு அவையவையின்ர நம்பர் தெரியும்தானே?"

கேட்டபோது நியாயமாகத்தான் இருந்தது. எடுத்துவிட்டேன்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு முடிவு வெளியானது. முதல் நான்கு பேருக்குச் சரியாகவே சொன்னேன். என் "பார்" ஒவ்வொரு முறையும் சிமுலேட்டரைத் திறந்து, வேலை முடிந்ததும் மூடிவிடும். எங்கள் கிழட்டுக் கணினியில் அது மறுபடி திறக்க ஒன்றரை நிமிஷம் ஆகும். டெலிபோனோ காலை அவசரத்தில் ஓயாமல் அடித்தது. சேர் என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ஏன் பிள்ளை ஒவ்வொருக்காலும் பூட்டித் திறக்கிறீர்? திறந்தபடி விடுமன்."

ஃபைலைத் திறந்து, மூடித் திறக்கிற இரண்டு வரியையும் அழித்தேன். அடுத்த ஆளுக்கு ஆறே விநாடியில் பதில் வந்தது. "நொட் செலெக்டட்." சேர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

எனக்குத் தெரியாமல் இருந்தது இதுதான். போனைப் போலவே சிமுலேட்டரும் ஒருமுறை பார்த்த பக்கத்தை எடுத்து வைத்துக்கொள்ளும். அதே முகவரியை மறுபடி கேட்டால் லைனில் போய்ப் பார்க்காது, வைத்திருப்பதை எடுத்து நீட்டும். எங்கள் பக்கத்தில் எல்லாச் சுட்டெண்ணுக்கும் பதில் முகவரி ஒன்றே. மூடித் திறந்த காலத்தில் அது எல்லாவற்றையும் மறந்துவிடும், அதனால் பிழை வரவில்லை. திறந்தபடி விட்டதும் அந்த ஐந்தாவது ஆளின் முடிவையே வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தது. சுட்டெண் வரி இருந்திருந்தால் ஆறாவது ஆளிலேயே பிடித்திருப்பேன்.

3. அண்ணியின் சுட்டெண்

பதினொரு மணியளவில் அண்ணி பேசினார். புஷ்பம் அண்ணி, என் மூத்த அண்ணனின் மனைவி. நான்கு வருஷமாகத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாகப் படிப்பித்துக்கொண்டிருந்தார். வயதெல்லையின்படி அவருக்கு அதுவே கடைசிப் பரீட்சை. தெமோதரையில் காசு கொடுத்துப் பேசுகிற ஒரு கொமினிகேசன் கடையிலிருந்து எடுத்திருந்தார்.

"மாலா, நாந்தான். என் நம்பரப் பாத்துட்டியா?"

"இருங்க அண்ணி, இப்பப் போடுறேன்."

"என்ன சொல்லுது?"

"இல்லைனு வருது அண்ணி."

"சரி மாலா. பின்னால ஆளுங்க நிக்கிறாங்க, வைக்கிறேன்" என்றார். வைக்குமுன் அவர் அழுதது எனக்குக் கேட்டது. அடுத்த டெலிபோன் அடித்துவிட்டதால் நானும் எடுத்துவிட்டேன்.

மூன்றேகாலுக்கு ஒரு அப்பா தன் மகளின் சுட்டெண்ணைச் சொல்லத் தொடங்கினார். நான் "பார்" என்று அடித்துவிட்டுக் காத்திருக்கும்போதே லைன் அறுந்தது. கை சும்மா இராமல் என்டரைத் தட்டிவிட்டது. எண்ணே கொடுக்கவில்லை. ஆறு விநாடியில் பதில் வந்தது: "நொட் செலெக்டட்."

நான் பிறந்த வருஷத்தைப் போட்டேன். தெரிவாகவில்லை. ஆறு பூச்சியம் போட்டேன். அதுவும் தெரிவாகவில்லை.

இன்றைக்கும் என்னை எரிச்சல்படுத்துவது இயந்திரத்தின் பிழை அல்ல. அது "தெரிவு" என்பதில் சிக்கியிருந்தால், தொடர்ந்து மூன்று பேருக்கு அப்படி வந்ததுமே நான் சந்தேகப்பட்டிருப்பேன். "எல்லாருமா பாஸ்? எங்கயோ பிழை" என்று சேரும் குதித்திருப்பார். சிக்கியது "இல்லை" என்பதில். இருபத்தேழு பேரில் ஒருவர்கூட "நல்லா பாத்தீங்களா?" என்று கேட்கவில்லை. கந்தோர்களில் "இல்லை" கேட்டுக் கேட்டுப் பழகிப்போன சனம். நானும் அதே லயத்துப் பிள்ளைதானே, எனக்கும் அது இயல்பாகவே பட்டது.

4. பெரட்டில் வாசித்த அறிவித்தல்

பழைய பக்கங்களை அழிக்கிற கட்டளையைத் தேடிப் பிடித்து "பார்" ஃபைலின் தலையில் போட்டேன். சுட்டெண் வரியையும் பக்கத்தில் திரும்பச் சேர்த்தேன். பிறகு கொப்பியில் குறித்திருந்த இருபத்தேழு எண்களையும் மறுபடி பார்த்தேன். முதலில் அண்ணியின் எண்ணைத்தான் போட்டேன், அதை மறைக்கப் போவதில்லை. தெரிவாகவில்லை. நிஜமாகவே தெரிவாகவில்லை. மீதியில் ஆறு பேர் தெரிவாகியிருந்தார்கள்.

ஆறு பேருக்கு வேலை கிடைத்திருக்கிறது, அவர்களுக்கு அது தெரியாது. கடிதம் தோட்டத்து ஒபிஸுக்குப் போய், அங்கே கிடந்து, கைக்கு வர ஒரு கிழமையாவது ஆகும். வெள்ளிக்கிழமை தாண்டினால் அவ்வளவுதான். எங்களிடமோ எண் மட்டுமே இருந்தது. பேரும் ஊரும் கேட்டால் நேரம் போகும், எத்தனை பேர் என்ற கணக்குப் போதும் என்று சொன்னவரும் சேர்தான்.

"சேர், தோட்டங்களுக்குச் சொல்லி நாளைக்குக் காலையில பெரட்டுல வாசிக்கச் சொல்லணும்" என்றேன். பெரட்டு என்பது காலையில் வேலைக்குப் போகுமுன் தொழிலாளர் எல்லாரும் கூடுகிற இடம். டீச்சர் வேலைக்கு எழுதிய பிள்ளைகள் அங்கே வரமாட்டார்கள். ஆனால் அவர்களின் அம்மாவோ அப்பாவோ அங்கேதான் நிற்பார்கள்.

"என்னெண்டு சொல்லுறது? நாங்கள் பிழையாச் சொன்னம் எண்டோ? எங்கட பேர் என்ன ஆகும் பிள்ளை?"

"பேரு கெட்டா வேற போர்டு மாட்டலாம் சேர். ஆறு பேருக்கு வேற பரீட்சை வைப்பீங்களா?"

அவரிடம் நான் குரலை உயர்த்தியது அன்றைக்குத்தான். அவர் டெலிபோனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஆறு மணி வரை இருபத்திரண்டு தோட்டங்களுக்கு அவரே பேசினார். ஒரு தோட்டத்துப் பெரிய கிளாக்கர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"தோட்டத்துத் தொரை கேட்டா நான் என்னங்க சொல்றது? பதுளையில ஒரு கொம்பியூட்டரு பொய் சொல்லிருச்சுன்னா?"

"கொம்பியூட்டர் இல்லை ஐயா. பிழை விட்டது நாங்கள். அப்பிடியே சொல்லுங்கோ" என்றார் சேர். அவர் மீது எனக்கு இருந்த கோபத்தில் பாதி அந்த இடத்தில் போனது.

"நேற்று பதுளைக்குப் பேசி டீச்சர் பரீட்சை முடிவு கேட்டவர்கள் மறுபடி கேட்கவும். சொன்னது பிழை." வியாழக்கிழமை காலை இது மட்டும்தான் பெரட்டுகளில் வாசிக்கப்பட்டது. ஏழு மணிக்கெல்லாம் டெலிபோன் அலறத் தொடங்கியது. வாப்பாவது மண்ணாவது, ஊவா மாகாணத்தில் பெரட்டைவிட வேகமான சேவை அன்றைக்கு இருக்கவில்லை. பத்து மணிக்குள் ஆறு பேரில் நால்வர் பேசிவிட்டார்கள்.

பத்தரைக்கு அண்ணி படியேறி வந்தார்.

அவருக்கு ஆள் அனுப்பிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆறு நல்ல செய்தியைச் சுமந்து ஓடுகிற அவசரத்தில், ஒரு கெட்ட செய்தியை இரண்டாம் தரம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு உடுக்கிற நல்ல சேலை, நெஞ்சோடு அணைத்துப் பிடித்த ஃபைல், அதற்குள் எல்லாச் சான்றிதழும். பெரட்டில் என் அம்மா கேட்டுவிட்டு ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்.

"பிழைனு சொன்னாங்களே மாலா" என்றார். முகத்தில் அவ்வளவு வெளிச்சம்.

"பிழைதான் அண்ணி. ஆனா உங்களது..."

"காட்டு."

போட்டுக் காட்டினேன். திரையின் மேல் வரியில் இருந்த ஆறு இலக்கங்களையும் தன் அட்மிஷன் கார்டோடு விரல் வைத்து ஒப்பிட்டார். இரண்டு தடவை ஒப்பிட்டார். பிறகு கீழ் வரியைப் படித்தார்.

"அப்ப நேத்து அழுதது வீணாப் போகல" என்றார்.

மன்னிப்புக் கேட்க எனக்குத் துணிவில்லை. கண் நிறைந்துவிட்டதால், கொப்பியைப் பார்ப்பது போலக் குனிந்தேன். கொப்பியில் மிச்சமிருந்த இரண்டு எண்களைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தேன். அண்ணி அதைக் கவனித்துவிட்டார்.

"இது என்ன?"

"இவங்க ரெண்டு பேரும் பாஸ். யாருனு தெரியல. நாளைக்கு நாலு மணியோட முடிஞ்சிரும்."

அவர் கொப்பியைத் தன் பக்கம் திருப்பினார். "இந்த நம்பர் எனக்கு முந்தின நம்பர். எனக்கு முன்னுக்கு ஒக்காந்து எழுதுன புள்ள. பேரு சுமதி. கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டம். ஏங்கிட்டத்தான் பேனா வாங்கி எழுதுனா."

கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டங்களில் எங்களுக்கு லைன் கிடைக்கவே இல்லை. அதை நான் சொல்லி முடிக்குமுன் அண்ணி ஃபைலை என் மேசையில் வைத்துவிட்டு, எண்ணை ஒரு துண்டில் எழுதிக்கொண்டார்.

"பண்டாரவளைக்கு அடுத்த பஸ் எத்தன மணிக்கு?"

"நான் போறேன் அண்ணி. நீங்க ஒக்காருங்க."

"ஒனக்கு அந்தப் புள்ளயத் தெரியாது" என்றார். "அதோட, இந்த டெலிபோனுக்கு யாரு பதில் சொல்றது?"

அன்றைக்கு மட்டும் மூன்று பஸ் மாறி, மழையில் நடந்து, சுமதியின் லயத்தைக் கண்டுபிடித்து, இரவு அங்கேயே தங்கியிருக்கிறார். வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குக் கந்தோருக்குப் பக்கத்துக் கடையிலிருந்து பேசினார். "குடுத்தாச்சு மாலா. வாங்கிக்கிட்டாங்க."

பிள்ளைகளுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். கறுப்புத் திரையிலிருந்து கட்டளை கொடுத்தால் இயந்திரம் செய்யும். செய்தது என்பதற்காகக் கேட்டதைச் செய்தது என்று நம்பாதீர்கள். பதில் சொல்கிற எந்தத் திரையும், யாருக்கான பதில் இது என்பதை முதல் வரியில் சொல்ல வேண்டும். தள்ளிப் பார்க்க வேண்டியிருந்தால் தள்ளிப் பார்க்கட்டும். "ஆம்" என்று வருவதைச் சோதிக்கிறதுபோல இரண்டு மடங்கு, "இல்லை" என்று வருவதைச் சோதியுங்கள். "இல்லை"யை யாரும் வந்து முறையிட மாட்டார்கள்.

மற்ற எண்ணுக்குரியவர் வெள்ளிக்கிழமை நான்கு மணி வரை பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை. அந்த ஆறு இலக்கமும் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். பேர் தெரியாது.